முடித்ததும் கதவைத் தட்டு

நல்ல புத்தகம் ஒன்றைப் படித்துவிட்டு யாரிடமும் சொல்லாமல் இருப்பது, செருப்புக்குள் கல்லோடு நடப்பது மாதிரி, ஐயா. நடக்கலாம். போகவேண்டிய இடத்துக்குப் போய்ச் சேரலாம். ஆனால் மனசு முழுக்கக் காலடியிலேயே கிடக்கும்.

நடந்ததைச் சொல் என்றீர்கள். சொல்லிவிடுகிறேன். நடுவில் எழுந்து நாலு அடி நடந்துகொள்ள மட்டும் விட வேண்டும். சின்ன வயதிலிருந்து பாரம் தூக்கிய உடம்பு. சும்மா உட்கார வைத்தால் அதுவே ஆடத் தொடங்கிவிடும். இப்போதுகூட மேசைக்கு அடியில் என் முழங்கால் ஆடுவதைப் பார்த்தீர்கள். பயம் என்று நினைத்திருப்பீர்கள். அதெல்லாம் இல்லை.

புத்தகக் கிடங்கில் எனக்கு வேலை. கடைகளில் விற்காத ஆங்கிலப் புத்தகங்கள் பெட்டி பெட்டியாகத் திரும்பி வரும். பிரித்து, நல்லதை ஒரு பக்கம், அடிபட்டதை ஒரு பக்கம், அச்சிலோ தையலிலோ கோளாறு உள்ளதை ஒரு பக்கம் அடுக்க வேண்டும். கோளாறானவை பின்பக்க அறைக்குப் போகும். அங்கிருந்து ஆலைக்கு, கூழாவதற்கு. இந்த வேலையை ஓர் எழுத்துகூடத் தெரியாமல் பல வருடம் செய்தேன். அட்டைப் படத்தை வைத்தே ஒரு மாதிரி ஒப்பேற்றிவிடுவேன்.

தமிழையே நாற்பது தாண்டித்தான் எழுத்துக்கூட்டினேன். ஆங்கிலம் அதற்கும் பிறகு. கிடங்கில் கணக்குப் பார்க்கும் அம்மா ஒருவர் சாப்பாட்டு இடைவேளையில், பெட்டிமேல் ஒட்டியிருக்கும் சீட்டுகளை வைத்தே சொல்லிக்கொடுத்தார். என்னோடு உட்கார்ந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போய்விட்டார்கள். நான் எழவில்லை. என் வாழ்க்கையில் அதுவரை நான் அசையாமல் உட்கார்ந்த இடம் அது ஒன்றுதான்.

எழுத்து பிடிபட்ட பிறகு ஒன்றைக் கவனித்தேன். வேற்று நாட்டு மொழிகளிலிருந்து ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்த கதைகள்தான் அதிகம் திரும்பி வந்தன. எழுதியவர் பெயர் வாயில் நுழையாது. கதை நடக்கும் ஊர் வரைபடத்தில் எங்கே இருக்கிறது என்று கடைக்காரருக்கே தெரியாது. வாங்க ஆளில்லாமல் உலகம் பூராவும் போன வழியே திரும்பி வந்து என் காலடியில் குவிந்து கிடந்தது.

முதலில் படித்தது பனி நாட்டுக் கதை. மலை உச்சியில் ஒரே ஒரு வீடு. அந்த வீட்டுக்குத் தினமும் ஒரு தபால்காரி கடிதம் கொண்டுபோகிறாள். வீட்டில் ஆளே இல்லை. கடிதங்களை அவளே பிரித்துப் படித்து, அவளே பதிலும் போடுகிறாள். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆமை மாதிரி ஊர்ந்து ஊர்ந்து படித்தேன். முடித்த அன்று கிடங்கைச் சுற்றிச் சுற்றி வந்தேன். எங்கோ பனிக்குள் உட்கார்ந்து ஒருத்தி எழுதியதை, இன்னொருத்தி ஆங்கிலத்தில் எடுத்து வைத்திருக்கிறாள். அது பெட்டி தூக்குகிற என் மண்டைக்குள் வந்து தமிழ் பேசிக்கொண்டு நடக்கிறது. இதை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு எப்படித் தூங்குவது.

அன்றிலிருந்து சிபாரிசு செய்யத் தொடங்கினேன். அதற்கு நான் ஒரு முறை வைத்திருந்தேன். கதையை முழுக்கச் சொல்லிவிடக் கூடாது. ஆளை வாசல்வரை கூட்டிப்போய் நிறுத்திவிட வேண்டும். "ஒருநாள் அந்த ஆளில்லாத வீட்டுக் கதவைத் தட்டினாள், உள்ளே யாரோ இருமுகிற சத்தம்..." அத்தோடு நிறுத்திவிட்டுப் புத்தகத்தைக் கையில் திணித்துவிடுவேன். மீதியை நீயே படித்துக்கொள்.

தேநீர் கொண்டுவருகிறவரிடம் கொடுத்தேன். "அண்ணே, எனக்கு டம்ளர் கழுவவே நேரம் பத்தல. அந்தத் தபால்காரிய எங்க உக்காத்தி வைக்கிறது?" என்றார். ஆனாலும் வாங்கிக்கொண்டார். பிறகு பார்த்தால் புத்தகம் அவருடைய அடுப்பின் ஆடுகிற காலுக்கு அடியில் இருந்தது. வீட்டில் மனைவியிடம் சொன்னேன். "உங்க உலகம் பூரா கட்டிலுக்கடியில கெடக்கு. தொடப்பம் உள்ள போக மாட்டேங்குது. மொதல்ல உலகத்த அந்தப் பக்கம் நகத்துங்க" என்றாள். மேற்பார்வையாளர் மட்டும் மரியாதையாக வாங்கிக்கொண்டுபோய், மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். "பிரமாதம்" என்றார்.

அடுத்தது என் மனைவியின் தம்பி. அவனைப் பற்றித்தானே கேட்கிறீர்கள். கிடங்கில் அவனுக்குச் 'சக்கரம்' என்று பெயர். புத்தகங்களைக் கடைகளுக்குக் கொண்டுபோகும் வண்டியை ஓட்டினான். வண்டி நின்றாலும் அவன் வாய் நிற்காது. தூசி ஒத்துக்கொள்ளாத உடம்பு. மூச்சுக்கு இழுக்கிற நீல நிற பம்பு ஒன்று எப்போதும் சட்டைப் பையில் இருக்கும். ஒரு வேடிக்கை சொல்லுமுன் அதை ஓர் இழுப்பு இழுத்துக்கொள்வான். இழுத்துவிட்டான் என்றால் சிரிக்கத் தயாராகிவிட வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். தங்கமான பையன். அதை நான் மறுக்கவே இல்லை.

எந்தப் புத்தகம் கொடுத்தாலும் முகம் மலர வாங்கிக்கொள்வான். சில நாள் கழித்து, "செம கதை மாமா. கடைசில அழுதுட்டேன்" என்று திருப்பித் தருவான். காலையில் வண்டி எடுக்கும்போது கடை விலாசச் சீட்டை என்னிடம் நீட்டுவான். "மாமா, கண்ணு எரியுது, கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க." படித்துச் சொல்வேன். ஒருமுறை கேட்டால் போதும், மறக்கமாட்டான்.

கோளாறான புத்தகங்களில் ஒரு வகை உண்டு. அச்சடித்த தாளை மடித்துத் தைத்த பிறகு, மேல்விளிம்பை இயந்திரம் வெட்டாமல் விட்டுவிடும். இரண்டு தாள்கள் தலையில் ஒட்டிக்கொண்டு பை மாதிரி இருக்கும். கிழிக்காமல் உள்ளே இருக்கும் பக்கங்களைப் படிக்க முடியாது. அப்படிப்பட்ட பிரதிகளாகப் பொறுக்கி எல்லோருக்கும் கொடுத்துப் பார்த்தேன். சோதனை என்று சொல்லமாட்டேன். தெரிந்துகொள்ள ஆசை. கணக்கு அம்மா கிழித்திருந்தார். ஆனால் பாதிக்குமேல் ஓடவில்லை என்று அவரே சொன்னார். மேற்பார்வையாளருடையது வந்தபடியே இருந்தது. அவர் பிரமாதம் என்றது அந்தப் பிரதியைத்தான். சக்கரம் திருப்பிக் கொடுத்ததைப் பிரித்துப் பார்த்தேன். அவன் அழுததாகச் சொன்ன கடைசி அத்தியாயம் முழுக்க மூடிக் கிடந்தது.

எனக்குக் கோபம் வரவில்லை, ஐயா. வருத்தம். அதைவிடப் பெரிய வருத்தம் பிறகு வந்தது.

ஒருநாள் ஒரு புத்தகக் கடைக்காரர் கிடங்குக்கு நேரில் வந்தார். மேற்பார்வையாளரிடம், "உங்க டிரைவர் வந்து அந்தத் தபால்காரி கதையச் சொன்னார் பாருங்க. கடையில நின்னவங்க எல்லாம் அப்படியே வாயப் பொளந்துட்டாங்க. இருந்த பிரதி அத்தனையும் போயிடுச்சு. இன்னும் அனுப்புங்க" என்றார். நான் பக்கத்தில் பெட்டிக்கு நாடா ஒட்டிக்கொண்டிருந்தேன். தபால்காரி அந்த வீட்டுக்குள் தன் வயதான உருவத்தையே பார்த்ததாகவும், இருவரும் சேர்ந்து சாப்பிட்டதாகவும் அவன் சொல்லியிருக்கிறான். புத்தகத்தில் அப்படி எதுவுமே இல்லை. வாங்கியவர்களில் சிலர் சண்டை பிடித்துத் திருப்பிக் கொடுத்தார்கள். அந்தப் பிரதிகளும் என் மேசைக்குத்தான் வந்தன. பலர் திருப்பவில்லை.

வருடக்கணக்காக உண்மையைச் சொல்லிச் சிபாரிசு செய்கிறேன், ஒருவரும் முழுசாகப் படிக்கவில்லை. பிரித்தே பார்க்காதவன் பொய்யைச் சொல்கிறான், ஊரே வாங்குகிறது. என் இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன நினைத்திருப்பீர்களோ தெரியாது. நான் நினைத்தது ஒன்றுதான். இவ்வளவு திறமையை வைத்துக்கொண்டு இவன் படிக்காமல் இருப்பது பெரிய நஷ்டம். ஒரே ஒரு புத்தகத்தை முழுக்கப் படிக்க வைத்துவிட்டால் போதும், பிறகு அவனே விடமாட்டான். என்னை எடுத்துக்கொள்ளுங்கள், அப்படித்தான் ஆனேன்.

அவனுக்குப் படிக்கத் தெரியாது என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை.

தொடர்ந்து சில நாள் விடுமுறை வந்தது. கிடங்குச் சாவி என்னிடம்தான் இருக்கும். மழை ஒழுகுகிறதா, எலி புகுந்ததா என்று பார்க்க நான் வருவது வழக்கம். பின்பக்க அறையில் கோளாறான பெட்டிகளை நகர்த்த ஒரு கை வேண்டும் என்று அவனைக் கூப்பிட்டேன். "விடுமுறை அன்னைக்குமா மாமா? எங்க அக்கா உங்கள எப்படித்தான் தாங்குறாளோ" என்று சிரித்துக்கொண்டே வந்தான். தூசிப் பெட்டி தூக்குமுன் நாங்கள் எல்லோரும் சட்டையைக் கழற்றிவிடுவோம். துவைக்கிறவள் திட்டுவாள் என்பதால் வந்த பழக்கம். அவனும் கழற்றி, கதவுக்கு வெளியே இருக்கும் ஆணியில் மாட்டிவிட்டு உள்ளே போனான். கைபேசி வண்டியில் இருந்தது. நான் இரும்புக் கதவைச் சாத்தி வெளித் தாழ்ப்பாளைப் போட்டேன்.

உள்ளே பாய், தலையணை, குடிநீர் கேன், ரொட்டி, வாழைப்பழம், வாளி எல்லாம் இருந்தன. நல்ல வெளிச்சமான பல்பு. முந்தின நாளே வாங்கி மாட்டியிருந்தேன். பாய்மேல் ஒரு புத்தகம். நான் படித்ததிலேயே சிறந்தது என்று நினைத்த புத்தகம் அது. ஆறு வற்றிய பிறகும் துறையை விட்டுப் போகாத ஒரு படகுக்காரனின் கதை. அட்டையில் மணல்மேல் சாய்ந்த படகு. பக்கத்தில் ஒரு கம்பில் காயும் சிவப்புச் சட்டை.

"மாப்ள," என்றேன் கதவு வழியாக, "படிச்சு முடிச்சதும் கதவத் தட்டு. கதையச் சொல்லு. தொறந்துடறேன்."

முதலில் சிரித்தான். பிறகு உதைத்தான். பிறகு அக்காவை இழுத்துக் கெட்ட வார்த்தை சொன்னான். அவள் அவனுக்கும் அக்காதானே என்று நினைத்துக்கொண்டேன். விடுமுறை என்பதால் பக்கத்துக் கிடங்குகளிலும் ஆளில்லை. மனைவியிடம், அவன் வெளியூர்ச் சரக்கு ஏற்றிப்போயிருக்கிறான் என்று சொல்லியிருந்தேன். வெளியே நான் உட்காரவில்லை. அடுக்குகளுக்கு நடுவே நடந்துகொண்டே இருந்தேன். அவன் இப்போது எந்தப் பக்கத்தில் இருப்பான் என்று நினைக்க நினைக்கக் கால் நிற்கவில்லை.

மாலைக்குள் தட்டினான். "முடிச்சுட்டேன் மாமா."

"சொல்லு."

கதவில் சாய்ந்து உட்காருகிற சத்தம் கேட்டது. பிறகு, "அந்தச் செவப்புச் சட்டை இருக்கே, அது படகுக்காரனோடது இல்ல" என்று தொடங்கினான்.

புத்தகத்தில் சிவப்புச் சட்டையே கிடையாது. அது அட்டை வரைந்தவர் தன்பாட்டுக்குப் போட்டது. உள்ளே இருக்கும் எந்தப் பக்கத்தையும் அவன் பார்க்கவில்லை என்று அந்த ஒரு வரியிலேயே தெரிந்துவிட்டது. நான் சொல்ல வாயெடுத்தேன்.

"அது ஆத்துல மெதந்து வந்துச்சு மாமா. யாரோடதுன்னு தெரியல. பாவம், தேடி வருவாங்கன்னு எடுத்துக் காயப் போட்டான். மறுநாள் பாத்தா ஆத்துல தண்ணி ஒரு படி எறங்கியிருக்கு. சட்டை காயக் காய, ஆறும் காயுது."

நான் அங்கிருந்த பெட்டிமேல் உட்கார்ந்தேன்.

"அப்ப அதத் திரும்ப நனைச்சா?" என்று கேட்டேன்.

"அதத்தானே அவனும் யோசிக்கிறான். நனைக்கத் தண்ணி வேணுமே? ஆறுதான் வத்திப்போச்சே."

மேலே சொன்னான். படகுக்காரன் சட்டையைத் தானே போட்டுக்கொண்டு, சொந்தக்காரனைத் தேடி ஆற்றின் மேல்போக்கில் நடக்கிறான். வியர்வையில் சட்டை நனைகிறது. திரும்பிப் பார்த்தால், அவன் நடந்து வந்த தடத்தில் தண்ணீர் கசிந்திருக்கிறது. உட்கார்ந்தால் சட்டை காய்கிறது, தண்ணீர் இறங்குகிறது. ஆகவே அவன் உட்காரக் கூடாது. ஓர் ஊர் மொத்தமும் அவனுக்குப் பின்னால் குடத்தோடு நடந்து வருகிறது, அவன் உட்கார்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ள.

அன்று கதவைத் திறக்கவில்லை. "முழுசாப் படிக்கல மாப்ள. இன்னும் இருக்கு" என்றேன்.

மறுநாள் போனதும் அவனே அவசரமாகத் தொடங்கினான். மலைமேல் ஒரு கிழவன் இருந்தான், சட்டை அவனுடையதாம், கொடுத்துவிட்டானாம், வெள்ளம் வந்ததாம், எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்களாம். "அவ்ளோதான். தொறங்க மாமா. தூசி அடைக்குது."

அது முடிவு இல்லை, ஐயா. வெளியே வருவதற்காகச் சொன்னது. எத்தனை நாட்டுக் கதைகள் படித்திருக்கிறேன். அவசரத்தில் முடித்தது எது என்று எனக்குத் தெரியாதா. "கெழவன வெட்டு. அதுக்கு முன்னாடிலேர்ந்து சொல்லு" என்றேன். நான் சொன்னது சரிதான் என்பது பிறகு தெரிந்தது. கிழவனை எடுத்த பிறகு கதை எங்கேயோ போய்விட்டது. குடத்தோடு வந்தவர்களில் ஒரு பெண் முன்னால் வருகிறாள். அவன் களைத்தபோது சட்டையை வாங்கித் தான் போட்டுக்கொண்டு நடக்கிறாள். அவள் வியர்வையில் வருகிற தண்ணீர் வேறு நிறம். அதைச் சொல்லும்போது அவன் குரல் இறங்கியிருந்தது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவே நீளமாக விசில் மாதிரி ஒரு சத்தம்.

மூன்றாம் நாள் கதவுக்கு அடியில் வாயை வைத்துப் பேசினான். "மாமா, பம்பு. சட்டைல இருக்கு. அத மட்டும் உள்ள தள்ளுங்க. கதவக்கூடத் தொறக்க வேணாம்."

கதவுக்கு அடியில் பம்பு நுழைகிற அளவுக்கு இடைவெளி உண்டு. சட்டை என் தலைக்கு மேலே ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. மூன்று நாளும் அதற்கு நேர் கீழே உட்கார்ந்துதான் கதை கேட்டேன்.

"அந்தப் பொண்ணு போய் யாரப் பாத்தா?" என்று கேட்டேன்.

"மாமா, எனக்குப் படிக்கத் தெரியாது மாமா." அழுதான். "தமிழே தெரியாது. கையெழுத்துதான் போடுவேன். அக்காவுக்குக்கூடத் தெரியாது. அவமானமா இருந்துச்சு. சத்தியமா இனிமே பொய் சொல்ல மாட்டேன்."

"தெரியும்டா," என்றேன். "மேல சொல்லு."

ஆமாம், தெரியும். யாரும் சொல்லவில்லை என்றேன், அது உண்மைதான். சொல்ல வேண்டிய தேவை இருக்கவில்லை. படிக்கத் தெரிந்தவன் கையில் புத்தகத்தைக் கொடுத்தால் புத்தகத்தைப் பார்ப்பான். தெரியாதவன் கொடுக்கிறவனின் முகத்தைப் பார்ப்பான். நாற்பது வருடம் நான் எல்லோருடைய முகத்தையும் அப்படித்தான் பார்த்தேன். முதல் புத்தகம் கொடுத்த அன்றே அவன் என் முகத்தைப் பார்த்தான்.

தெரிந்தே ஏன் கொடுத்தாய், தெரிந்தே ஏன் பூட்டினாய் என்று கேட்பீர்கள். கணக்கு அம்மா மாதிரி நானும் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்திருக்கலாமே என்பீர்கள். யோசித்தேன். அவன் கற்றுக்கொண்டிருப்பான், கெட்டிக்காரன். கற்றுக்கொண்ட பிறகு புத்தகத்தில் இருப்பதைத்தான் சொல்வான். என்னை மாதிரி ஆகிவிடுவான். அதற்கு எனக்கு மனசு வரவில்லை.

பிறகு அவன் சொன்னது கொஞ்சம்தான். அந்தப் பெண் மலை உச்சிக்குப் போகிறாள். அங்கே ஒரு வீடு. கதவைத் தட்டுகிறாள். உள்ளே யாரோ இருமுகிற சத்தம். என் முறையில் நான் நிறுத்துகிற அதே இடத்தில் அவனும் நிறுத்தினான்.

நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். "கதவத் தொறந்தது யாரு மாப்ள? சட்டை அவங்களோடதா?" அன்று வீட்டுக்குப் போகவில்லை. போனால் கதை விட்டுப்போகும். எழுந்து நடக்கவும் இல்லை. என் கால் ஆடவே இல்லை, ஐயா. அப்படி ஓர் அமைதியை நான் அதற்குமுன் அறிந்ததில்லை.

மறுநாள் காலை மனைவி என்னைத் தேடிக்கொண்டு வந்தாள். கிடங்குக்குப் பின்னால் தம்பியின் வண்டி நிற்பதைப் பார்த்திருக்கிறாள். உள்ளே வந்து சட்டையைப் பார்த்தாள், தாழ்ப்பாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். என்னைத் தள்ளிவிட்டுத் தாழ்ப்பாளை அவளே இழுத்தாள். அவன் கதவோரமாகவே சுருண்டு கிடந்தான். புத்தகம் பாய்மேல் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. அதுவும் மேல்விளிம்பு வெட்டாத பிரதிதான். ஒரு தாளும் கிழியவில்லை.

"அவன் பேச்சு மூச்சில்லாமக் கெடக்கறான்," என்றாள் அவள். "நீங்க இவ்ளோ நேரம் யார்கிட்ட கேட்டுக்கிட்டு இருந்தீங்க?"

என்னிடம் அவள் பேசிய கடைசிப் பேச்சு அது. தவறு செய்யவில்லை என்று நான் வாதாடப்போவதில்லை. பூட்டியது நான். பம்பைக் கொடுக்காதது நான். கொடுத்திருந்தால் பிழைத்திருப்பான் என்பதும் எனக்கு அப்போதே தெரியும். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள். இப்போது எனக்கு நன்றாக எழுத வரும்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். தூக்கிப்போகும்போது அவனுக்கு உயிர் இருந்தது என்றார்கள். ஆம்புலன்சில் கூடப் போனவரிடம் வாய் அசைத்து ஏதோ சொன்னானாம். அவரை விசாரிப்பீர்கள்தானே, ஐயா. அந்தக் கதவைத் திறந்தது யார் என்று அவன் சொன்னானா என்று கேட்டுச் சொல்லுங்கள்.